முப்பத்தேழு தூங்குகிறது

காலையில் மகள் குளியலறைக் கதவைத் தட்டினாள். இரண்டு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் ஒரு தட்டு. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாக ஊரே அப்படித்தான் கதவு தட்டிக்கொண்டிருந்தது. நனைந்த தலையோடு "வரேன் குட்டி, ரெண்டே நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டு அவள் துண்டுக்குக் கையை நீட்டியபோதுதான் அடுத்த சத்தம் கேட்டது. அது தட்டு இல்லை. கதவின் மேல் நகத்தை ஊன்றி, மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல் இழுத்து, பாதி வழியில் களைத்துப்போய் நின்று, பிறகு மறுபடி கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போன சத்தம்.

அவள் கதவைத் திறந்தாள். மகள் பள்ளிச் சீருடையில், ஒரு காலில் மட்டும் காலுறையோடு நின்றுகொண்டிருந்தாள். எட்டு வயது. எதைக் கேட்டாலும் பாதிப் பதிலோடு ஓடிவிடுகிற வயது.

"கடைசில என்னமோ பண்ணினியே, அது என்ன?"

"எது?"

"நகத்தால கீறினியே."

"அதுவா? அதுவும் சேர்த்திதாம்மா. ரெண்டு, ஒண்ணு, அப்புறம் டர்ர்ர்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நம்ம லிஃப்ட்ல கேக்குமே, அதான்." இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகில் இறங்கியது. அவள் அங்கேயே நின்றாள். அந்த நகச் சத்தத்தை இந்த உலகத்தில் கேட்டவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. அது மகளின் விரலுக்கு எப்படி வந்தது என்று யோசிக்கப் பயமாக இருந்தது. குழந்தைகள் எதையாவது செய்வார்கள், தற்செயலாக ஒத்துப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஐந்து மாதப் பழக்கம் இருந்தது.

அவளுடைய வேலை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்வது. லிஃப்டுக்குள் மணி படம் போட்ட ஒரு பொத்தான் இருக்குமே, அதை அமுக்கினால் மறுமுனையில் ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரல் அவளுடையது. ஜன்னல் இல்லாத ஓர் அறை, நான்கு நாற்காலி, நான்கு திரை, பழைய குளிர்சாதனப் பெட்டியின் ஈர வாடை. நிறுவனம் பராமரிக்கும் இருநூற்றுப் பத்து லிஃப்டுக்கும் தனித்தனி எண் உண்டு. அழைப்பு வந்தால் திரையில் எண் பெரிதாக வரும். எந்தக் கட்டிடம், எந்தத் தெரு என்று தெரிய வேண்டுமானால் எண்ணைத் தொட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பழகிப்போனவர்கள் திறந்து பார்ப்பதில்லை. பதினெட்டு என்றால் பல் மருத்துவமனை. நாற்பது என்றால் விளையாட்டுக்குப் பொத்தானை அமுக்கும் வாலில்லாத குரங்குகள் குடியிருக்கும் அடுக்குமாடி. முப்பத்தேழு என்றால் மழை.

முப்பத்தேழு ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தின் லிஃப்ட். மழை பெய்தால் எங்கிருந்தோ ஈரம் இறங்கி, ஆளே இல்லாமல் அது தானாக அழைக்கும். எடுத்துப் பேசினால் பதில் வராது. அதன் மைக் எப்போதோ செத்துவிட்டது. உள்ளே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் இந்தப் பக்கம் கேட்காது, எஃகுத் தகட்டில் ஏதாவது பட்டால் அந்த அதிர்வு மட்டும் கேட்கும். மெக்கானிக் மூன்று முறை போய்ப் பார்த்து, பொத்தான்களும் மைக்கும் பதித்த அந்தத் தகட்டை, பேனலையே, மாற்ற வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். புதுப் பேனல் வரவில்லை. அதனால் அறையில் ஒரு வழக்கம் பிறந்தது. முப்பத்தேழு அழைத்தால் எடுத்து, ஏதாவது கேலியாகச் சொல்லி, தூங்க வைத்துவிடுவார்கள். தூங்க வைப்பது என்றால் ஒரு பொத்தானை அமுக்கி, எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் என்று குறித்துவிடுவது; அதுவரை அந்த லிஃப்டின் அழைப்பு அறையில் ஒலிக்காது. பதிவேட்டில் ஒரே வார்த்தை: தானாக.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நான்கு நாள் தொடர் விடுமுறை தொடங்கிய சாயங்காலம், நல்ல மழை. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற குஷி. முப்பத்தேழு அழைத்தது. அறையே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததால் அவள் குரலில் சர்க்கரையைக் கொட்டி, "முப்பத்தேழு... இன்னிக்கும் நீங்கதானா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்றாள். அறை வெடித்துச் சிரித்தது. சிரிப்புக்கு அடியில் இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. பக்கத்து நாற்காலிக்காரன், வாய் ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயர் வாங்கியவன், அந்தப் பதினோரு விநாடியை அப்படியே பதிவிலிருந்து வெட்டி நண்பர்களுக்கு அனுப்பினான்.

அவ்வளவுதான். மறுநாளே ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. யார் குரல், எந்த ஊர், எதற்கு முப்பத்தேழு என்று ஒருவருக்கும் தெரியாது, தெரியாததுதான் அதன் ருசி. பொய்க் காய்ச்சல் முப்பத்தேழு ஆனது. தாமதமாக வருகிறவன் சொல்லும் காரணம் முப்பத்தேழு ஆனது. ஒருவர் முப்பத்தேழு என்றால் பக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டியதை இரண்டு, ஒன்று என்று தட்ட வேண்டும். சட்டையில் அச்சடித்து விற்றார்கள். செருப்புக் கடையில் முப்பத்தேழு விழுக்காடு தள்ளுபடி போட்டார்கள், வாசலில் கூட்டம் அலைமோதியது. பேருந்தில் முப்பத்தேழாம் இருக்கையில் உட்கார்ந்த பெரியவர், எல்லாரும் தன்னைப் பார்த்து ஏன் இளிக்கிறார்கள் என்று கடைசிவரை புரியாமல் இறங்கிப் போனாராம். மகளின் வகுப்பில் ஒரு கணக்குக்கு அந்த எண் விடையாக வந்தபோது முப்பது குழந்தைகளும் மேசையைத் தட்ட, டீச்சரும் தாங்க முடியாமல் தட்டிவிட்டாராம்.

விடுமுறை முடிந்த அன்று காலை அந்தக் கட்டிடத்தின் லிஃப்டைத் திறந்தார்கள். உள்ளே துப்புரவு வேலை செய்யும் அம்மாள் ஒருவர், மூலையில் சாய்ந்து உட்கார்ந்தபடி. இதயம் என்றார் மருத்துவர். உடனே உயிர் போயிருக்கும் என்றும் சொன்னார். மேனேஜர் அறைக்கு வந்து, "தட்டினது மழைத் தண்ணி. புரியுதா?" என்றார். எல்லாருக்கும் புரிந்தது. அந்த லிஃப்டைக் கழற்றினார்கள், பட்டியலில் முப்பத்தேழு காலியானது, ஒரு வாரம் அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அப்புறம் வானொலி மறுபடி பேச ஆரம்பித்தான். ஊரே சிரிக்கிற ஒரு விஷயத்துக்குத் தகப்பன் தான் என்ற பெருமையை அவனால் எத்தனை நாள் அடக்க முடியும்?

வானொலி வெட்டியது பதினோரு விநாடி. அதற்கு மேலும் அவள் காதில் லைன் இருந்தது. அறை சிரித்து ஓய்வதற்குள், அவள் காதில் மட்டும், எஃகின் மேல் நகம் மெதுவாக இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி இறங்கியது. மழைத் தண்ணீருக்கு நகம் கிடையாது. அதைக் கேட்ட பிறகுதான், முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டியிருக்க, அவள் நான்கு நாள் என்று குறித்து அமுக்கினாள். கேட்பதற்கு முன்பே அமுக்கிவிட்டேன் என்று எத்தனையோ முறை தன்னிடமே பொய் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பொய் ஒட்டவே இல்லை.

அன்றிலிருந்து அவள் எந்த லிஃப்டிலும் ஏறுவதில்லை. வீடு ஏழாவது மாடி. உடம்பு இளைக்க என்று சொல்லிப் படியில் ஏறுவாள். மகள் லிஃப்டில் போய் மேலே நின்று, ஜெயித்துவிட்டதாகக் கைதட்டுவாள். குடியிருப்பின் லிஃப்ட் போன மாதம் பழுதாகி நின்றபோது, உங்க கம்பெனியிலயே சொல்லுங்களேன் என்று எதிர் வீட்டு ஆன்ட்டி நச்சரித்ததில் அவள்தான் சொல்லிவிட்டாள். போன வாரம் அவளுடைய நிறுவனமே வந்து சரிசெய்துவிட்டுப் போனது.

அன்று மதியம் வேலைக்குப் போனபோது வானம் கறுத்திருந்தது. அறையின் விதிப்படி கைப்பேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நாற்காலிக்கு வந்தாள். பதிவேட்டைப் புரட்டியபோது முந்தைய நாள் பக்கத்தில் அந்த எண் இருந்தது. முப்பத்தேழு. தானாக. அதற்கு முந்தைய நாளும். தானாக, தானாக.

"இது என்னப்பா?"

வானொலி காதுக் கருவியைக் கழற்றினான். "அட, உங்களுக்குத் தெரியாதாக்கா? நம்ம ஆளு திரும்பி வந்தாச்சு! நம்பர் காலியா கிடக்குதுன்னு புது காண்ட்ராக்ட் எதுக்கோ குடுத்துட்டாங்க."

"அந்த நம்பரையா குடுத்தாங்க?"

"நம்பர்ல என்னக்கா இருக்கு? அதைவிடக் கூத்து, கழட்டி வெச்சிருந்த பழைய பேனலையே கொண்டு போய் மாட்டிட்டாங்களாம். நல்ல தகடு, எதுக்கு வீணாக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டார். மைக் அதே மைக். மழை வந்தா அதே பாட்டு. நான் எடுத்து நம்ம டயலாக்கைச் சொல்லித் தூங்க வெச்சிடுவேன்."

"எந்தக் கட்டிடம்?"

"யார் பார்த்தா?"

திரையில் பட்டியல் திறந்தே இருந்தது. எண்ணின் மேல் விரலை வைத்தால் போதும். அவள் விரலை அருகே கொண்டுபோனாள். கண்ணாடிக்கு ஓர் அங்குலம் முன்னால் விரல் நின்றுவிட்டது. அந்தத் தகட்டைப் பற்றி மெக்கானிக் ஒருமுறை சொல்லியிருந்தார்: மார்பு உயரத்திலிருந்து முட்டி வரை நீளும் எஃகுத் தகடு, அதன் அடிப்பகுதியில் மட்டும் கோடுகள், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில். மெருகு போட்டும் போகவில்லையாம். அப்போது வரவேற்பிலிருந்து ஆள் வந்து, அவளைப் பார்க்க யாரோ வந்திருப்பதாகச் சொன்னபோது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

பார்வையாளர் அறையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, நனைந்த காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்டில் இறந்த அம்மாளின் மகள். மேனேஜரைப் பார்க்க இதுவரை ஆறு முறை வந்தவள் என்று வரவேற்பில் சொன்னார்கள்.

"அன்னிக்கு டூட்டில இருந்தது நீங்கதான்னு சொன்னாங்க அக்கா. நான் சண்டை போட வரல. கேஸ் கீஸுன்னு ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எங்கம்மா அந்தப் பொத்தானை அமுக்கினாங்களா?" அவள் கைகளைப் பிசைந்தாள். "விடுமுறைக்கு என் வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருந்தாங்க. வரல. கோவிச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சு நானும் போன் பண்ணல. அமுக்கலைன்னு சொல்லுங்க, உடனே போயிட்டாங்கன்னு நினைச்சுக்கறேன். அமுக்கினாங்கன்னா அதையும் சொல்லிடுங்க. தெரியாம இருக்கறதுதான் தூங்க விட மாட்டேங்குது."

சொல்லிவிட வேண்டும் என்று இவள் நிஜமாகவே நினைத்தாள். வாயைத் திறந்தும்விட்டாள். அதே நேரத்தில் அந்தப் பெண்ணின் பைக்குள்ளிருந்து கைப்பேசி ஒலித்தது.

முப்பத்தேழு... இன்னிக்கும் நீங்கதானா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?

சிரிப்பு. இரண்டு தட்டு. ஒரு தட்டு.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க அக்கா." அந்தப் பெண் பதறிக்கொண்டு பைக்குள் துழாவினாள். "எல்லாரும் வெச்சிருக்காங்களேன்னு வெச்சேன். எங்கம்மா போனதுக்கப்புறம் நான் சிரிச்ச ஒரே விஷயம் இதுதான்." கைப்பேசியை அணைத்துவிட்டு, கண்ணில் ஈரத்தோடு லேசாகச் சிரித்தாள். அப்புறம், ஊர்ப் பழக்கம் கையில் ஊறிப்போனதால், தன்னை அறியாமல் மேசையைத் தட்டினாள். இரண்டு. ஒன்று.

"அமுக்கலம்மா" என்றாள் இவள். "எந்த அழைப்பும் வரல. நானே பார்த்தேன்."

அந்தப் பெண் இவள் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் போன பிறகும் இவள் உள்ளங்கையில் அந்த ஈரம் இருந்தது. நல்லதுதான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டாள். உண்மை தெரிந்து அந்தப் பெண் என்ன செய்யப்போகிறாள்? சொல்லியிருந்தால் வேலை போகும், பேர் போகும், மகள் பள்ளியில் தலைகாட்ட முடியாது. நல்லதுதான். சுவர்க்கடிகாரம் ஐந்தைக் காட்டியதும் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள், மழையில் இரண்டு தெரு கடந்த பிறகுதான் கைப்பேசி பெட்டிக்குள்ளேயே கிடப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போக மனம் வரவில்லை.

குடியிருப்பை அடைந்தபோது ஐந்தரை. மழைக்கு முன்கூட்டியே இருட்டிவிட்டது. தரைத்தளத்தில் நனைந்த சாக்கின் வாடையும் யாரோ ஏற்றிய கொசுவத்தியின் வாடையும் கலந்து நின்றன. படிக்கட்டு ஓரமாகச் சேறு படிந்த காலடிகள் மேலே போயிருந்தன. எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிற முணுமுணுப்பு, எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம், அதற்கெல்லாம் அடியில், லிஃப்ட் இருக்கும் சுவருக்குள்ளிருந்து, மிக மெல்லிசாக, இரண்டு தட்டு.

அவள் படியில் வைத்த காலை எடுத்தாள்.

ஒரு தட்டு.

லிஃப்டின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. பின்சுவரில் சாய்ந்தபடி மகளின் மஞ்சள் குடை நின்றுகொண்டிருந்தது.

"குட்டி?"

மகள் ஓவிய வகுப்பு முடிந்து வேனில் வந்து இறங்க இன்னும் பத்து நிமிடம் ஆகும். சீக்கிரம் வந்துவிட்டாளா? குடையை விட்டுவிட்டு எங்கே போனாள்? "குட்டி! விளையாடாதே, வெளியே வா!" பதில் இல்லை. குடையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், இரண்டே எட்டு என்று நினைத்தாள். ஒரு காலை வாசலிலேயே வைத்துக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. உள்ளே போனாள். குடையைப் பிடித்தாள். அதன் துணி காய்ந்திருந்தது. இத்தனை மழையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

யாரும் எந்தப் பொத்தானையும் அமுக்காமலே லிஃப்ட் மேலே கிளம்பியது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு குலுக்கு, நின்றது. அவள் பதறவில்லை. முதலில் பதறவில்லை. இது அவள் தொழில். பயந்தவர்களிடம் ஆயிரம் முறை சொன்னதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்: மூச்சை இழுத்து விடுங்க, காத்து வரும், ஒண்ணும் ஆகாது, மணிப் பொத்தானை அமுக்குங்க. பேனல் பக்கம் திரும்பினாள்.

பழைய எஃகுத் தகடு. மார்பு உயரத்திலிருந்து முட்டி வரை. மேலே சிறிய வெள்ளை ஒட்டுத்தாளில், நிறுவனத்தின் முத்திரைக்குக் கீழே, எண். முப்பத்தேழு.

அவள் கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். தகட்டின் அடியில் கோடுகள். நான்கு நான்காக. மெருகுக்குக் கீழே மங்கலாக.

விளக்கு அணைந்தது.

இருட்டில் பொத்தானைச் சுற்றியிருந்த சிவப்பு வளையம் மட்டும் எரிந்தது. அதைப் பிடித்து அமுக்கினாள். ஒலித்தது. ஒலித்தது. எடுத்தார்கள்.

"தம்பி! நான்தான்! வானொலி, நான்தான்டா, அக்கா பேசறேன்!"

கத்தினாள். தன் காதுக்கே கேட்கவில்லை. தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது. நரம்பு புடைக்க மறுபடி கத்தினாள். காற்றுதான். மறுமுனையில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. அறையின் சிரிப்பு, சற்று முன்பு வரை அவளும் உட்கார்ந்திருந்த அதே அறையின் சிரிப்பு, மெல்லக் கிளம்புவது கேட்டது.

வேண்டாம். எண்ணைத் தொடு. திறந்து பார். என் வீட்டு முகவரி இருக்கும். ஒரு தடவை தொட்டுப் பாருடா.

கையை முஷ்டியாக்கித் தகட்டில் அடித்தாள். பத்து முறை, இருபது முறை அடிக்க நினைத்தாள். கை கேட்கவில்லை. இரண்டு அடித்தது. நின்றது. ஒன்று அடித்தது.

"முப்பத்தேழு..." வானொலி குரலில் சர்க்கரையைக் கொட்டினான். அவளைப் போலவே. "இன்னிக்கும் நீங்கதானா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

சிரிப்பு.

நகத்தை ஊன்றி இழுத்தாள். அது கேட்கும். அது அவன் காதுக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். மேலிருந்து கீழே. நகம் ஒடிந்தது. நின்றாள். மறுபடி இழுத்தாள். மறுமுனையில் சிரிப்புக்கு நடுவே அவன் மூச்சு ஒருகணம் நின்றது. கேட்டுவிட்டான். சத்தியமாகக் கேட்டுவிட்டான்.

அப்புறம் மூன்று சின்ன மணி. ஒன்றைவிட ஒன்று தாழ்வாக. தூங்க வைக்கும்போது கேட்கிற மணி.

சிவப்பு வளையம் அணைந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. தகட்டின் மேல் சரிந்து, உட்கார்ந்தாள். வெளியே, படிக்கட்டில், சின்னக் காலடிகள். பேச்சுக் குரல். கீழ் வீட்டுச் சிநேகிதியோடு மகள்.

"என் குடை காலைல இருந்து லிஃப்ட்லயே சுத்திக்கிட்டு இருக்குடீ. அம்மாக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

குட்டி. இங்கே. அம்மா இங்கே.

காற்று.

தட்டினாள். இரண்டு. ஒன்று.

படியில் காலடிகள் நின்றன. அவள் உயிரே காதில் இருந்தது.

"கேட்டியா? நான் சொன்னேன்ல, நம்ம லிஃப்ட்ல கேக்கும்னு!" மகள் சிரித்தாள். "முப்பத்தேழு! இன்னிக்கும் நீங்கதானா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, அவள் மகளின் சின்ன விரல்கள் தட்டின. இரண்டு. ஒன்று. அப்புறம் காலடிகள் மேலே ஓடின.

தட்டினாள். ஐந்தாவது மாடியில் யாரோ சிரித்துக்கொண்டு பதில் தட்டினார்கள். மறுபடி தட்டினாள். இரண்டாவது மாடியில் ஒரு கதவு, முதல் மாடியில் ஒரு ஜன்னல், உச்சியில் ஒரு தண்ணீர்க் குழாய். வீடு வீடாக. அடுக்கு அடுக்காக. எல்லாரும் தட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. ஒருவரும் வரவில்லை.

மெல்ல ஓய்ந்தது.

இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கையில் மகளின் குடை.

பின்சுவர் மூலையில், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு தட்டு. ஒரு தட்டு.

நகம் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தது. அவசரமில்லை. பாதியில் நின்றது. மறுபடி வந்தது. அவள் பாதத்தின் அருகே நின்றது.

காய்ந்துபோன ஒரு குரல், நான்கு நாள் தண்ணீர் காணாத குரல், மரியாதையாகக் கேட்டது.

"இன்னிக்கு நீங்களா?"